சுமைதாங்கி
(லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வும் 1965ஆம் ஆண்டுப் போரும்)

இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவன், சிலமலை

போர் என்றதும் நம் நெஞ்சில் இருவகை மனிதர் தோன்றுகின்றனர். களத்தில் நின்று போரிட்ட வீரர் ஒருவகை. தலைநகரில் இருந்து ஆணையிட்ட தலைவர் மற்றொரு வகை. மூன்றாவது வகையினரும் உண்டு. அவர்களை நாம் எளிதில் நினைப்பதில்லை. போரை நிறுத்தி, வென்ற மண்ணைத் திருப்பிக் கொடுத்து, அதனால் வரும் பழியையும் தம் தலைமேல் ஏற்றுக்கொள்பவர்களே அவர்கள். போருக்கு ஆணையிட்டவரும் அதை முடித்து வைத்தவரும் ஒருவராகவே அமைந்தது 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில். அவர்தாம் நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. அவருடைய வாழ்வை இங்கே சொல்ல முற்படுகின்றேன்.

வட இந்தியத் தலைவர் ஒருவரைப் பற்றிச் சிலமலை மாணவன் ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊர். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் கேரளம். கீழே மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும்; மேலே ஏலத்தோட்டங்கள். எல்லை என்னும் சொல் எங்களுக்குப் பாடப்புத்தகத்துச் சொல் அன்று. நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கூலிக்குச் செல்வோர் கடந்து போகும் இடம் அது. இவ்வூர் மாணவனுக்கு இரு நாடுகளின் எல்லைப் போரும், அதைத் தாங்கிய ஒரு மனிதரின் வாழ்வும் அயலான செய்தியாகத் தோன்றவில்லை.

பழைய பாதைகளின் ஓரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும், இளைப்பாறியபின் மீண்டும் ஏற்றவும் அது பயன்படும். அந்தக் கல் உயரமாக இருக்காது. ஓர் ஆளின் தோள் உயரமே இருக்கும். உயர்ந்திருந்தால் அது பயன்படாது. சாஸ்திரியாரின் வாழ்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லின் நினைவே வருகிறது.

இளமை

1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் காசிக்கு அருகில் உள்ள முகல்சராயில் சாஸ்திரியார் பிறந்தார். காந்தியடிகளும் அதே அக்டோபர் 2இல் பிறந்தவர் என்பதை நாம் அறிவோம். தந்தையார் சாரதா பிரசாத் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்பு அலகாபாத்தில் எழுத்தர் பணி ஏற்றவர். குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட நிறைவதற்குள் தந்தை மறைந்தார். தாயார் ராம்துலாரி தேவி பிள்ளைகளுடன் பிறந்தகம் சேர்ந்தார். தந்தை இல்லாப் பிள்ளை, தாய்வீட்டுச் சோறு, உறவினர் ஆதரவில் படிப்பு. நம் கல்லூரியில் பயிலும் பலருக்கும் பழக்கமான வாழ்க்கைதான் இது.

காசியில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. 1921இல், பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், படிப்பை விட்டு இயக்கத்தில் சேர்ந்தார். பின்னர்த் தேசிய இயக்கத்தார் நிறுவிய காசி வித்யாபீடத்தில் பயின்று 1925இல் பட்டம் பெற்றார். அப்பட்டத்தின் பெயரே சாஸ்திரி. சாதியைக் காட்டும் குடும்பப் பெயரை அவர் முன்பே விட்டிருந்தார். படித்துப் பெற்ற பட்டமே அவருக்குப் பெயராக நிலைத்தது. சாதிப்பெயரைத் துறந்து பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழகத்தில் இருக்கும் நாம் நன்கு அறிவோம்.

பட்டம் பெற்றபின் லாலா லஜபதிராய் தொடங்கிய மக்கள் ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1928இல் லலிதா தேவியை மணந்தார். மணப்பரிசாக அவர் ஏற்றது ஒரு கைராட்டையும் சில கெஜம் கதர்த் துணியும் மட்டுமே. விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். சிறைவாழ்வு மொத்தம் ஏழாண்டுகளுக்குக் குறையாது. விடுதலைக்குப் பின் உத்தரப் பிரதேசத்தில் காவல்துறை, போக்குவரத்து ஆகிய பொறுப்புகளை ஏற்றார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்கு மாற்றாகத் தண்ணீரைப் பீய்ச்சும் முறையையும், பேருந்துகளில் பெண் நடத்துநர்களை அமர்த்தும் முறையையும் அப்போது கொண்டுவந்தார்.

அரியலூர்

1952இல் மத்திய அரசில் ரயில்வே அமைச்சரானார். 1956 செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்து 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி அரியலூரை அடுத்த மருதையாற்றில் கவிழ்ந்தது. கனமழையில் ஆறு பெருக்கெடுத்துப் பாலத்தை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இம்முறை சாஸ்திரியார் விலகியே தீருவேன் என்று நின்றார். அவர்மேல் குற்றம் இல்லையெனினும், பொறுப்பேற்கும் மரபு ஒன்று நாட்டில் நிலைக்க வேண்டும் என்பதற்காக விலகலை ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்.

டில்லியில் இருந்த அமைச்சர் அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். எனினும் தம் துறையில் நேர்ந்த சாவுக்குத் தாமே விடை சொல்ல வேண்டும் என்று கருதினார். தமிழ் மண்ணில் நிகழ்ந்த ஒரு துயரம்தான் சாஸ்திரியார் எத்தகையவர் என்பதை நாட்டுக்கு முதன்முதலில் காட்டிற்று. பின்னாளில் போரையும் அமைதியையும் அவர் எப்படிச் சுமக்கப் போகிறார் என்பதன் முன்னறிவிப்பும் அதுவே.

பிரதமர் பொறுப்பும் தமிழர் மனக்குறைகளும்

1957 தேர்தலுக்குப் பின் மீண்டும் அமைச்சரானார். 1961இல் உள்துறை அவரிடம் வந்தது. 1963இல் காமராசர் திட்டத்தின்படி பதவி துறந்தார். நேரு உடல் நலிவுற்றபோது 1964 ஜனவரியில் மீண்டும் அழைக்கப்பட்டார். 1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். அடுத்து யார் என்று உலகமே கேட்ட நேரம் அது. காங்கிரசுத் தலைவராக இருந்த நம் காமராசர் கட்சியினரின் கருத்தைக் கேட்டறிந்து, போட்டியின்றிச் சாஸ்திரியாரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார். ஜூன் 9ஆம் நாள் அவர் பிரதமராகப் பதவியேற்றார்.

அவரைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. தமிழருக்கு அவர்மீது இரண்டு பெரிய மனக்குறைகள் உண்டு. இரண்டும் நியாயமானவை.

முதலாவது, 1964 அக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நாடற்றவராக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று உடன்பாடாயிற்று. தலைமுறை தலைமுறையாக மலையில் உழைத்த மக்களைக் கேளாமலே அவர்களின் வாழ்வு பங்கிடப்பட்டது. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் இதை எதிர்த்தார். மலைத்தோட்ட வேலையை நம்பி வாழும் பகுதியைச் சேர்ந்த எனக்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, மொழிச் சிக்கல். 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையில் தமிழக மாணவர்கள் கொதித்தெழுந்தனர். எங்கள் ஊர் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. அம்மதுரையில்தான் ஜனவரி 25ஆம் நாள் மாணவர் ஊர்வலம் மோதலாக மாறிக் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவிற்று. தீக்குளித்தோரும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரும் பலர். அரசு சொன்ன கணக்கே ஏறத்தாழ 70 உயிர்கள். பிப்ரவரி 11ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். சாஸ்திரியார் அவற்றைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார்; அவர் ஏற்க மறுத்தார். அன்றிரவே சாஸ்திரியார் வானொலியில் பேசி, மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்னும் நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். அந்த உறுதி சட்டமாவதற்கு 1967வரை காத்திருக்க நேர்ந்தது.

காலம் தாழ்த்தித்தான் இறங்கிவந்தார். உயிர்கள் போனபின்தான் இறங்கிவந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தம் கருத்தைப் பிடிவாதமாகப் பற்றி நில்லாமல், எதிர்க்குரலுக்குச் செவி சாய்க்கும் இயல்பு அவரிடம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

போர்

இனிப் போருக்கு வருவோம். 1947இல் நாடு பிரிந்தபோதே காஷ்மீர்ச் சிக்கல் தொடங்கியது. 1949 ஜனவரி முதல் நாள் போர் நின்றது; படைகள் நின்ற இடமே போர்நிறுத்தக் கோடாயிற்று. 1962இல் சீனாவுடன் நடந்த போரில் இந்தியா தோல்வியுற்றது. நேருவும் மறைந்தார். உருவத்தில் சிறியவரும் மென்குரலில் பேசுபவருமான ஒருவர் பிரதமராக வந்ததும், இந்தியா வலுவிழந்துவிட்டது என்று பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் கருதினார். அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகள் அவரிடம் இருந்தன.

1965 ஏப்ரலில் குசராத்தின் கட்ச் பாலைவெளியில் மோதல் மூண்டது. பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் தலையிட்டு ஜூன் 30ஆம் நாள் உடன்பாடு செய்வித்தார். அதன் ஈரம் காய்வதற்குள், ஆகஸ்டு 5ஆம் நாள் முதல், ஆயிரக்கணக்கானோர் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து காஷ்மீருக்குள் ஊடுருவினர். மக்கள் தம்மோடு சேர்ந்து கிளர்ந்தெழுவர் என்று அவர்களை அனுப்பியோர் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. ஊடுருவியோரைப் பற்றிய செய்தியை இந்தியப் படைக்குச் சொன்னவர்களில் உள்ளூர்க் காஷ்மீர் மக்களும் இருந்தனர்.

ஊடுருவல் வழியை அடைக்க இந்தியப் படை போர்நிறுத்தக் கோட்டைக் கடந்தது. மேஜர் ரஞ்சித் சிங் தயாள் தலைமையில் ஒரு படைப்பிரிவு மழையிலும் இருளிலும் மலையேறி, ஆகஸ்டு 28ஆம் நாள் ஹாஜிபீர் கணவாயைப் பிடித்தது. 8,600 அடிக்கு மேல் உயரமுள்ள கணவாய் அது. உரியையும் பூஞ்சையும் இணைக்கும் வழி அதன் ஊடாகச் செல்கிறது. போடி மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்கு மலையேற்றத்தின் கடினம் தெரியும். முதுகில் ஆயுதச் சுமையோடு, எதிரே துப்பாக்கிகள் காத்திருக்க, பாதையற்ற சரிவில் இரவில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் முதல் நாள் பாகிஸ்தான் டாங்கிகள் சாம்பு பகுதியில் புகுந்து அக்னூர்ப் பாலத்தை நோக்கி விரைந்தன. அப்பாலம் வீழ்ந்தால் காஷ்மீருக்குச் செல்லும் வழிக்கே ஆபத்து. அங்கேயே எதிர்த்து நிற்பதா, எதிரி எதிர்பாராத இடத்தில் தாக்குவதா? சாஸ்திரியார் தயங்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் சவான், தரைப்படைத் தளபதி சௌத்ரி, விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங் ஆகியோரோடு ஆராய்ந்து, பஞ்சாபில் பன்னாட்டு எல்லையைக் கடக்க ஆணையிட்டார். செப்டம்பர் 6ஆம் நாள் இந்தியப் படை லாகூர்த் திசையில் முன்னேறியது. சிறிய மனிதர் என்று எள்ளியவர்கள் திகைத்தனர்.

செப்டம்பர் 8 முதல் 10வரை கேம்கரண் அருகே அசல் உத்தர் என்னுமிடத்தில் பெரும் டாங்கிப் போர் நடந்தது. நம் படையினர் வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சினர். கரும்புக் காட்டில் மறைந்து காத்திருந்தனர். சேற்றில் சிக்கிய பாட்டன் உள்ளிட்ட பாகிஸ்தான் டாங்கிகள் ஏறத்தாழ 100 அழிந்தன அல்லது பிடிபட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்து, அங்கேயே உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். மதத்தின் பெயரால் பிரிந்த நாட்டோடு நடந்த போரில், நாட்டின் முதல்வரிசை வீரராக நின்றவர் ஓர் இஸ்லாமியர் என்பது சாஸ்திரியாரின் இந்தியாவுக்குக் கிடைத்த பெருமையாகும்.

பிற களங்கள் எளிதாக அமையவில்லை. சியால்கோட் பகுதியில் பில்லோராவில் வென்ற இந்தியப் படை சாவிண்டாவில் தடுத்து நிறுத்தப்பட்டது. இதற்கிடையே சீனாவும் சிக்கிம் எல்லையில் கெடு விதித்து மிரட்டியது. ஐ.நா. பாதுகாப்புக் குழு செப்டம்பர் 20ஆம் நாள் போரை நிறுத்தக் கோரியது. செப்டம்பர் 23ஆம் நாள் விடியுமுன் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 3,000 வீரர் மாண்டனர். பாகிஸ்தான் இழப்பும் அதற்குக் குறைந்ததன்று. இன்றும் பாகிஸ்தான் செப்டம்பர் 6ஐப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறது. நாமும் வென்றதாகவே சொல்கிறோம். தாயரின் கண்ணீர் மட்டும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றாகவே இருந்தது.

சோறும் துப்பாக்கியும்

அந்த ஆண்டில் பருவமழை பொய்த்தது. நாடு அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நின்றது. போர் மூண்டதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் உதவியை நிறுத்தியது. பிறரிடம் உணவுக்குக் கையேந்தும் நாடு எப்படித் தன் எல்லையைக் காக்கும்? இதனைச் சாஸ்திரியார் நன்கு உணர்ந்திருந்தார். போர்வீரனையும் உழவனையும் ஒரே மூச்சில் வாழ்த்தும் அவருடைய முழக்கம் பிறந்தது இந்த உணர்விலிருந்துதான். வாரத்தில் ஒருவேளை, திங்கட்கிழமை இரவு, உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். முதலில் தம் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். தம் இல்லத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். பல ஊர்களில் திங்கள் மாலைகளில் உணவு விடுதிகள் கதவடைத்தன.

இதைப் பற்றி என் தாத்தாவிடம் கேட்டேன். அவர் அந்நாளில் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்த இளைஞர். சிரித்துக்கொண்டே சொன்னார்: வாரத்தில் ஒருவேளை என்பது மூன்று வேளை உண்பவர்களுக்கான கணக்காம். மழை இல்லாத அந்த ஆண்டில் கேப்பைக் களியும் சோளக் கஞ்சியும்கூட எங்கள் வீட்டில் நாள்தோறும் கிடைக்கவில்லையாம். ஆனாலும் பிரதமரும் பட்டினி கிடக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, தங்கள் பட்டினியில் ஒரு கூட்டாளி கிடைத்ததுபோல் இருந்தது என்றார். சாஸ்திரியாருக்கு இதைவிடச் சிறந்த பாராட்டை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

உணவுத் துறையைச் சி. சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்து, புதுவகைக் கோதுமை விதைகளைக் கொண்டுவரும் முயற்சிக்கு அவர் துணை நின்றார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது. பின்னாளில் பசுமைப் புரட்சி என்று பேர்பெற்ற மாற்றத்தின் வித்து அவருடைய குறுகிய ஆட்சியில் ஊன்றப்பட்டது. அவர் அறுவடையைக் காணவில்லை.

தாஷ்கண்ட்

போர் நின்றபோது இந்தியாவின் வசம் ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பாகிஸ்தான் மண்ணும், பாகிஸ்தான் வசம் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் இந்திய மண்ணும் இருந்தன என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. சோவியத் பிரதமர் கோசிகின் இரு தலைவர்களையும் தாஷ்கண்ட் நகருக்கு அழைத்தார். 1966 ஜனவரி 4ஆம் நாள் பேச்சு தொடங்கியது.

ஹாஜிபீரைத் திருப்பித் தர இயலாது என்பதே சாஸ்திரியாரின் நிலையாக இருந்தது. ஆனால் படைகள் ஆகஸ்டு 5ஆம் நாள் நின்ற இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று பாதுகாப்புக் குழு முன்பே தீர்மானித்திருந்தது. அதை மீறினால் சோவியத் துணையை இழக்க நேரும். மேலும், சாம்பு இன்னும் பாகிஸ்தான் கையில் இருந்தது. ஹாஜிபீரை விட்டால்தான் சாம்பு திரும்பும். ஆறு நாள் இழுபறிக்குப் பின், ஜனவரி 10ஆம் நாள், அவர் கையெழுத்திட்டார். 1966 பிப்ரவரி 25ஆம் நாளுக்குள் இரு படைகளும் பழைய இடங்களுக்குத் திரும்பும் என்றும், சிக்கல்களை அமைதி வழியில் தீர்ப்பது என்றும் உடன்பாடாயிற்று.

அன்றிரவு டில்லியில் இருந்த தம் வீட்டாருடன் தொலைபேசியில் பேசினார். ஹாஜிபீரைத் திருப்பித் தந்தது அவர்களுக்கும் பிடிக்கவில்லை என்று அறிந்து மனம் நொந்தார் என்று உடன் சென்றிருந்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் எழுதியுள்ளார். நள்ளிரவு கடந்து ஜனவரி 11ஆம் நாள் தொடங்கிய சிறிது நேரத்தில், அவர் உயிர் பிரிந்தது. மாரடைப்பு என்று மருத்துவர் கூறினர். முன்பே இதயநோய் கண்டவர் அவர். அயல்மண்ணில் திடீரென நேர்ந்த சாவு என்பதால் ஐயங்கள் எழுந்து இன்றுவரை பேசப்படுகின்றன. சான்றில்லாத பேச்சுகளுக்குள் நான் புக விரும்பவில்லை.

தாஷ்கண்ட் விமான நிலையத்தில் அவர் உடலைத் தாங்கிய பேழை எடுத்துச் செல்லப்பட்டபோது, அதற்குத் தோள் கொடுத்தவர்களில் இருவரின் படங்கள் உலகெங்கும் பரவின. ஒருவர் கோசிகின். மற்றவர் அயூப் கான். நான்கு மாதங்களுக்கு முன் யாருடைய உருவத்தை எள்ளினாரோ, அவருடைய உடலை எதிரி நாட்டு அதிபர் தம் தோளில் சுமந்தார். இதைக் காட்டிலும் பெரிய வெற்றியை எந்தக் களத்தில் பெற முடியும்?

அவர் விட்டுச் சென்ற சொத்து என்ன? பிரதமரான பிறகு வாங்கிய பியட் கார் ஒன்று. விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது போக 5,000 ரூபாய் வங்கிக் கடன். அந்தக் கடனை லலிதா அம்மையார் தம் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார். அவ்வாண்டே நாடு சாஸ்திரியாருக்குப் பாரத ரத்னா வழங்கியது.

திருப்பிக் கொடுத்தது சரியா?

இந்த வினாவைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்வை முடிக்க இயலாது. தாஷ்கண்ட் உடன்பாட்டை எதிர்த்து மத்திய அமைச்சர் மகாவீர் தியாகி பதவி விலகினார். இரத்தம் சிந்திப் பெற்ற கணவாயை மை சிந்தி இழந்தோம் என்று மனம் கசந்தோர் பலர். பின்னாளில் அவ்வழியே ஊடுருவல் தொடர்ந்ததும் உண்மை. அமைதியும் நிலைக்கவில்லை, ஆறாண்டு நிறைவதற்குள், 1971 டிசம்பரில், மீண்டும் போர் மூண்டது. இத்தனையும் சொன்னபின்பும் அவர் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன்.

காரணம் இதுதான். கணவாயை வைத்துக்கொள்வது என்றால் சாம்பை இழப்பது. அக்னூருக்கு எந்நேரமும் ஆபத்தை வைத்துக்கொண்டு வாழ்வது. பசித்த நாட்டை முடிவில்லாப் போருக்கு இழுப்பது. இவற்றையெல்லாம் எடைபோட்ட தலைவர் ஒருவர், கைதட்டலை விட்டுப் பழியைத் தேர்ந்தார். செப்டம்பரில் போருக்கு ஆணையிட்டபோது நாடே அவருக்குப் பின்னால் நின்றது. ஜனவரியில் கையெழுத்திட்டபோது அவர் தனியாக நின்றார். இரண்டுக்கும் துணிவு வேண்டும். இரண்டாவது துணிவே அரிது. லாகூரிலும் அந்நாளில் மாணவர்கள் தாஷ்கண்டை எதிர்த்துத் தெருவில் இறங்கினர் என்பதை மறக்கலாகாது. இரு பக்கமும் ஏமாற்றமடைந்தது என்றால், உடன்பாடு ஒரு பக்கம் சாய்ந்ததன்று என்பதுதானே பொருள்?

எல்லைச் சச்சரவு எளிய மக்களை என்ன செய்யும் என்பதை எங்கள் பகுதி சிறிய அளவில் கண்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, மலைப்பாதைகளில் போக்குவரத்து நின்றது. கேரளத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் அஞ்சி, பலர் கால்நடையாகவே மலையிறங்கினர். இப்பக்கமும் சினம் பொங்கியது. சில வாரங்களில் அது அடங்கிற்று. அதே தோட்டங்களுக்கு அதே மக்கள் மீண்டும் ஏலக்காய் பறிக்கச் சென்றனர். ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே, ஒரு துப்பாக்கியும் வெடிக்காத சச்சரவுக்கே இத்துணைத் துன்பம். அண்டை நாடுகளின் போரை நிறுத்த வல்லவர் ஒருவர் கிடைத்தால், அவர் நிறுத்தட்டும் என்றே கூலிக்குப் போகும் வீடுகள் விரும்பும். எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞர்களும் படையில் சேர்கிறார்கள். அவர்களின் தாய்மார் விரும்புவதும் அதையே.

நண்பர்களே! சாஸ்திரியார் 19 மாதங்களே பிரதமராக இருந்தார். அரியலூரில் மாண்டவர்களின் சுமை, மொழிப்போரில் எழுந்த சினத்தின் சுமை, பஞ்சத்தின் சுமை, போரின் சுமை, எல்லாவற்றினும் கனமான அமைதியின் சுமை என ஒவ்வொன்றும் அவர் தோளுக்கு வந்தது. சிலவற்றை அவர் சரிவரத் தாங்கவில்லை. தோட்டத் தமிழர் வாழ்வு அதற்குச் சான்று. ஆனால் எதையும் பிறர் தலையில் ஏற்றிவிட்டுத் தாம் ஒதுங்கியதில்லை. பட்டம் பெற்று வெளியே செல்லும் நாம் நாளை எந்தப் பணியில் அமர்ந்தாலும், நம் கண்காணிப்பில் நேரும் தவறுக்கு நாமே விடை சொல்லும் பழக்கத்தை அவரிடம் கற்போம். மாலையும் சிலையும் அவருக்கு வேண்டியதில்லை. அந்தப் பழக்கமே அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி.